உன்னிச்சைக்குப் போன றிமோட் கார்

எங்கள் அண்ணன் வினாயகமூர்த்தியை யானை அடித்து எட்டு மாதமாகிறது. பத்திரிகையில் ஐந்து வரி போட்டார்கள். உன்னிச்சையைச் சேர்ந்த நாற்பத்தொன்பது வயது விவசாயி, வயலில் சிக்கிய விளையாட்டுக் காரை எடுக்கச் சென்றபோது தனியன் யானை தாக்கி உயிரிழந்தார் என்று. விளையாட்டுக் கார்! வாசிக்கிறவன் என்ன நினைப்பான்? நரை விழுந்த வயதில் கார் ஓட்டி விளையாடிச் செத்த பைத்தியம் என்றுதானே நினைப்பான்? அந்தப் பேப்பரைக் கிழித்து அடுப்புக்குள் போட்டேன். போட்டு என்ன? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

அது விளையாட்டுக் கார் இல்லை. என் புருசன் அலன் மூன்று மாதம் குந்தியிருந்து பிரித்து, வெட்டி, துளைத்து, மறுபடி பூட்டிய கார். அலனைப் பற்றித்தான் சொல்லத் தொடங்குகிறேன். ஆனால் அவரைச் சொன்னால் அண்ணனைச் சொல்லவேண்டும். இரண்டு பேரையும் சொன்னால் நடுவில் நின்ற என்னையும் சொல்லவேண்டும். என் பெயர் ஆர்த்திகா. நல்லவள் என்று நினைத்துக்கொண்டு யாரும் இதை வாசிக்க வேண்டாம்.

புருசனைப் பெயர் சொல்கிறாளே என்று முகம் சுளிக்கவும் வேண்டாம். காதலித்துக் கட்டினவளுக்கு அந்த ஒரு சலுகையாவது இருக்கட்டும்.

அலனின் ஊர் பெரியகல்லாறு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. தகப்பன், சித்தப்பன், மச்சான்மார் எல்லோருக்கும் மீன்பிடிதான் தொழில். இவர் மட்டும் தோணியில் கால் வைத்தாலே வாந்தியெடுப்பார். மீன்காரன் பிள்ளைக்குத் தண்ணீர் ஒத்துவராது என்றால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? அந்தச் சிரிப்புத் தாங்காமல்தான் செங்கலடிக்கு வந்து, சந்திக்குப் பக்கத்தில் ஒரு கட்டில் அகலக் கடையில் போன் திருத்தத் தொடங்கினார். கிணற்றுக்குள் விழுந்த என் போனை அங்கே கொண்டுபோனேன். போன் பிழைக்கவில்லை. நான்தான் அகப்பட்டுக்கொண்டேன்.

கார்ப் பைத்தியம் கலியாணத்துக்குப் பிறகுதான் வெளியே வந்தது. அவருடைய கூட்டாளி ஏறாவூர் முனாஸ் கட்டாரில் வேலை செய்துவிட்டுத் திரும்பும்போது உடைந்த றிமோட் கார் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். முதலாளியின் பிள்ளை வேண்டாமென்று எறிந்ததாம். முழங்கை நீளம் இருக்கும். முன்பக்கம் சேசிஸ் வெடித்து, ஒரு சில்லு தொங்கிக்கொண்டு கிடந்தது. அலன் அதை வாங்கிவந்து சாப்பாட்டு மேசையில் பரப்பினார். அன்றிலிருந்து மேசையின் ஒரு மூலை அந்தக் காருக்குத்தான் சொந்தம். கறிச்சட்டியை எங்கே வைக்கலாம் என்று நான் அனுமதி கேட்கவேண்டி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் முனாஸோடு வாவிக் கரைக்குப் போய் ஓட்டுவார். உப்பு மண் பட்டால் பெயாரிங் இறுகிவிடும் என்று, வீட்டுக்கு வந்ததும் பல்லுத் தேய்க்கிற பிறஸால் ஒவ்வொரு சந்தாகத் துடைப்பார். என் தலைக்கு ஒரு நாள் எண்ணெய் வைத்துவிட்டிருப்பாரா? கேட்டால் சிரிப்பார். கோபம் வராத மனிசன். எங்கள் வீட்டுக்கு வேண்டிய கோபத்துக்கு நான் ஒருத்தி போதும்.

அண்ணன் வேறு மாதிரி. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது எனக்கு ஒன்பது வயது, அவருக்கு இருபத்திரண்டு. உன்னிச்சையில் மூன்று ஏக்கர் வயலைச் செய்து என்னை வளர்த்தார். தலை பின்னிவிடத் தெரியாமல் நாடாவால் குடுமி மாதிரிக் கட்டிப் பள்ளிக்கூடம் அனுப்புவார். அப்படி வளர்த்தவரிடம் போய், தேவாலயத்துக்குப் போகிற கல்லாற்று வேதக்காரப் பெடியனைக் கட்டப்போகிறேன் என்றேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த கோப்பையை அப்படியே தள்ளிவைத்துவிட்டு எழும்பிப் போனார். கலியாணத்துக்கு வரவில்லை. மூன்று வருசம் என் முகத்திலேயே விழிக்கவில்லை.

பிறகு என் வயிற்றில் ஏழு மாதத்துப் பிள்ளை இறந்தது. ஆசுபத்திரிக் கட்டிலில் கிடந்தேன். கண்ணைத் திறந்தால் அண்ணன் ஒரு பக்கம், அலன் மறுபக்கம். அண்ணன் என்னைப் பார்த்துச் சொன்னார்: "அவரிட்டச் சொல்லு புள்ள, போய்ச் சாப்பிட்டுட்டு வரட்டாம். நான் இரிக்கன்." ஒரு கை தூரத்தில் நின்ற அலனும் என்னைப் பார்த்தே சொன்னார்: "எனக்குப் பசிக்கல்லயாம் எண்டு சொல்லு." அந்த வேதனையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

அன்றைக்குத் தொடங்கியது இந்தத் தபால் வேலை. கோபக்காரர் வீடுகளில் இப்படித்தான்: வரத்துப்போக்கு இருக்கும், கதை இருக்காது. தீபாவளிக்கு நாங்கள் போவோம், நத்தாருக்கு அண்ணனும் மச்சாளும் வருவார்கள். இரண்டு ஆம்பிளைகளும் ஒரே விறாந்தையில் இருந்து ஒரே மரத்தைப் பார்த்துக்கொண்டு என்னிடம் பேசுவார்கள். "மழ வருமாமா எண்டு கேளு." "வராதாம் எண்டு சொல்லு." எட்டு வருசம்! நான் செத்துப்போனால் இவர்கள் என்ன செய்வார்கள் என்று அண்ணனின் மனிசி இரத்தினம்மா மச்சாளும் நானும் அடுப்படியில் நின்று சிரிப்போம்.

தபால்காரி கடிதத்தைப் பிரிக்கக்கூடாது. நான் பிரித்தேன். திருத்தியும் கொடுத்தேன். "உண்ட மனிசனுக்கு வேல வெட்டி ஒண்டும் இல்லயா, விளையாட்டுச் சாமானோட திரியிறாராம்" என்று அண்ணன் சொன்னால், அலனிடம் வந்து, "அண்ணன் உங்களச் சுகம் கேட்டவர்" என்பேன். "உண்ட அண்ணன் ஒரு நாளைக்காவது என்ர மூஞ்சியப் பாப்பாரா" என்று அலன் பெருமூச்சு விட்டால், அண்ணனிடம் போய், "உங்களுக்கு வேட்டி எடுக்கவேணுமாம்" என்பேன். கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொள்வேன். உறைப்பைக் குறைத்துப் பாலைக் கூட்டினால் எந்தக் கறியும் சாப்பிடலாம் என்ற நினைப்பு.

போன மாரிக்கு முந்தின மாரிப் பயிர் வெட்டுக்கு நின்றபோது யானை இறங்கிவிட்டது. அண்ணனின் வயல் வட்டையில் ஒரு காணி மிச்சமில்லை. யானை வெடி கொளுத்தி எறியலாம்தான். ஆனால் அதற்கு யானைக்குக் கிட்டப் போகவேண்டும், எறிந்துவிட்டு வரம்பால் ஓடவேண்டும். அப்படிப் போன பக்கத்து வயல்காரர் இடுப்பு முறிந்து படுத்துவிட்டார். அடுத்த போகத்துக்கு அண்ணன் தானே போகப்போகிறாராம் என்று, அலனுக்குச் சோறு போடும்போது சொல்லி அழுதேன். மறுநாள் காலையில் பார்த்தால் மேசையில் அந்தக் கார் துண்டு துண்டாகக் கிடக்கிறது.

"இஞ்சேருங்க, என்ன இது?"

"யானைக்குக் கிட்ட மனிசன் போகத் தேவயில்ல. இது போகட்டும்" என்றார்.

ஓட்டத்துக்குச் செய்த கார் நிலத்தோடு ஒட்டிக்கொண்டு ஓடும். வயலுக்கு அது சரிவராது. பழைய பிளாஸ்ரிக் சேசிஸைத் தூக்கிப்போட்டுவிட்டு, மூடிப்போன கடை ஒன்றின் பெயர்ப்பலகையில் இருந்து மூன்று மில்லிமீற்றர் அலுமினியத் தகடு எடுத்துவந்தார். முதலில் பால்மாப் பெட்டி மட்டையில் வரைந்து வெட்டி, எல்லாத் துளையும் சரிவருகிறதா என்று வைத்துப் பார்த்தார். பிறகுதான் தகட்டில் வாள் வைத்தார். யானையை விரட்ட அலறுகிற கோர்னும் பெரிய பற்றரியும் வைக்க இடம் வேண்டுமென்று பழையதைவிட இரண்டு இஞ்சி நீட்டினார். அராவின சத்தத்தில் எனக்குப் பல் கூசியது. பக்கத்து வீட்டு ஆடு பயத்தில் குட்டி போட்டுவிடும் என்று ஏசினேன். விளிம்பில் கை வெட்டாமல் இருக்கவேண்டும், தூக்கிறது விவசாயியின் கை என்றார். விவசாயியின் கை வெட்டுக்குப் பயப்படுமா? அப்படித்தான் அவருக்கு ஒவ்வொன்றும்.

பெரிய சில்லு போட்டார். பெரிய சில்லு போட்டால் மோட்டருக்குப் பாரம். அது தெரிந்தும் பழைய பல்லுச் சில்லோடு ஒரு முறை ஓட்டிப் பார்த்து மோட்டரைக் கருக்கினார். வீடு முழுக்க நாற்றம். பிறகு மோட்டர் முனையில் சின்னப் பல்லுச் சில்லு போட்டார். வேகம் குறைந்தது, இழுவை கூடியது. ஷொக் அப்சோபருக்குத் தடித்த எண்ணெய், இறுக்கமான ஸ்பிறிங். றிசீவர் நனையக்கூடாதென்று அதைப் பலூனுக்குள் போட்டுக் கட்டி, சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்து, சிலிக்கன் பூசி மூடினார். அந்தப் பலூனையும் இதற்கென்றே கடையில் வாங்கினோம். பிறந்தநாளுக்கு வாங்கி மிஞ்சின பலூன் கிடக்கிற வீடு இல்லை எங்கள் வீடு.

மேலே இரண்டு மின்னுகிற லைற். பின்னால் லொறிக் கோர்ன். மைதானத்தில் முதல் முறை அடித்தபோது நாய்கள் ஊரைவிட்டே ஓடின. சைக்கிளில் வந்த போதகர் வேலியோடு சாய்ந்தார். அலன் அவரைத் தூக்கிவிட்டு ஆயிரம் முறை மன்னிப்புக் கேட்டார். ஆனால் சிரிப்பு அடங்கவில்லை. அவ்வளவு சந்தோசமாக அவரை நான் அதற்கு முந்திப் பார்த்ததில்லை.

"நீங்களே கொண்டுபோய்க் குடுங்களன்" என்றேன்.

"நான் போனா உண்ட அண்ணன் ஒழும்பிப் போயிருவார். நீ பழகு. நீ போய்ப் பழக்கு."

ஆக, கார் ஓட்டவும் நானே தபால்காரி. ஒரு கிழமை பழகினேன். கிணற்றுக்கட்டில் இரண்டு முறை மோதினேன். பிறகு காரைப் பிஸ்கட் பெட்டிக்குள் வைத்து, மடியில் தூக்கிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி உன்னிச்சைக்குப் போனேன். "என்னக்கா, கோழியா?" என்றான் கொண்டக்டர். "ஓம் தம்பி, கோர்ன் அடிக்கிற கோழி" என்றேன்.

அண்ணன் காரை வாங்கிப் புரட்டினார். மேலே பார்க்கவில்லை, வயிற்றுப் பக்கத்தைத்தான் பார்த்தார். ஒரே இடைவெளியில் நின்ற ஆணிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தடவினார்.

"இதெல்லாம் அவர் கையால வெட்டினதா?"

"ஓம் அண்ணே."

"ம்" என்றார். மச்சாள் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். அண்ணன் வாயிலிருந்து வருகிற "ம்" லேசானதா?

ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "கல்லாத்து ஆக்களுக்கு யானையப் பத்தி என்ன தெரியும்? யானையும் இறாலும் ஒண்டெண்டு நினச்சிட்டாராக்கும்" என்றும் சொன்னார். அதை நான் அலனிடம் கொண்டுவரவில்லை. வழக்கம்போல.

நாலாம் நாள் பின்னேரம் அண்ணனின் போன். காட்டோரத்தில் இரண்டு யானை வந்து நின்றதாம். மரத்தில் கட்டின பரணில் இருந்தபடியே காரை விட்டாராம். லைற் மின்ன, கோர்ன் அலற, அது காலடிக்கு ஓடிப்போக, வெடிக்கும் பந்தத்துக்கும் பழகின யானை இதற்குப் பழகவில்லை.

"தங்கச்சி, மச்சானிட்டச் சொல்லு. வாலத் தூக்கிக்கிட்டு ஓடிற்றுகள் எண்டு சொல்லு!"

மச்சான்! பதினொரு வருசத்தில் முதல் தடவை. "அவர்", "உண்ட ஆள்", "உண்ட மனிசன்" எல்லாம் போய், மச்சான். நான் அலனிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "என்னெண்டு சொன்னவர்? இன்னொருக்காச் சொல்லு" என்று மூன்று முறை சொல்லவைத்தார். பிறகு முகம் கழுவப் போகிறேன் என்று கிணற்றடிக்குப் போனவர் அரை மணித்தியாலம் வரவில்லை.

தை மாதம் காரைத் திருத்த வேலைக்குக் கொண்டுவந்தேன். முன் சில்லைப் பிடிக்கிற கை ஒன்று வளைந்திருந்தது. அலன் அதை நிமிர்த்திவிட்டு, காரைப் புரட்டி வயிற்றுத் தகட்டில் இருந்த கீறல்களை வெகுநேரம் பார்த்தார். எல்லாக் கீறலும் நடுவில்தான். வரம்பு ஏறும்போது வயிறு வரம்பில் குந்துகிறது, நாலு சில்லும் தொங்கிச் சும்மா சுற்றுகிறது என்று கண்டுபிடித்தார். தான் நீட்டின இரண்டு இஞ்சிதான் இப்படிச் செய்கிறது என்று தன்னையே நொந்துகொண்டார். அடியில் வழுக்குகிற மாதிரி ஒரு பிளாஸ்ரிக் தகடு பூட்டினார். அதிலும் நம்பிக்கை வரவில்லை. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிடும்போது கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஆர்த்தி, இதக் கட்டாயம் சொல்லு. கார் வரம்பில சிக்கினா விட்டுட்டு இரிக்கச் சொல்லு. இறங்கி எடுக்கப் போகவேணாம். அது வெறும் சாமான். உடைஞ்சா நான் இன்னொண்டு செய்வன். சொல்லுவதானே?"

"சொல்லுறன், சொல்லுறன். பஸ் போகப்போகுது."

நான் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று எட்டு மாதமாக என்னையே கேட்கிறேன். மறக்கவில்லை, அது மட்டும் நிச்சயம். பஸ்ஸில் இருந்து யோசித்தேன். பிறந்ததில் இருந்து யானையோடு வாழ்கிற மனிசனுக்கு, வாவிக்கரையான் யானைப் புத்தி சொல்வதா? அண்ணன் உதட்டைப் பிதுக்குவார். இறால் கதையை மறுபடி எடுப்பார். இப்போதுதான் வந்த "மச்சான்" திரும்பவும் "உண்ட மனிசன்" ஆகிவிடும். அந்த ஒரு சொல்லுக்காக எத்தனை வருசம் காத்திருந்தேன்! அதோடு இன்னொரு ஆசையும் இருந்தது. என் புருசன் என்னத்தைக் கொடுத்திருக்கிறார் என்று அண்ணனுக்கு விளங்கவேண்டும். வெறும் சாமானாம்! எது வெறும் சாமான்? மேசையில் இடம் கொடுத்தவள் நான், எனக்குத் தெரியும் அது என்ன சாமான் என்று.

ஆகவே அண்ணனின் கையில் பெட்டியைக் கொடுத்தபோது இப்படிச் சொன்னேன்: "கவனமா வச்சிருங்க அண்ணே. அது அவருக்கு உசிரு."

அண்ணன் தலையாட்டினார். "எனக்குத் தெரியாதா புள்ள" என்றார். மச்சாள் அப்போது கிணற்றடியில் நின்றாள்.

மாசி மாதம், விளக்கு வைக்கிற நேரம், மச்சாளின் போன் வந்தது. முதலில் அலறல்தான் கேட்டது. சொல் ஒன்றும் விளங்கவில்லை. யாரோ போனைப் பறித்து விசயத்தைச் சொன்னார்கள்.

நடந்தது இதுதான். மச்சாள் பரணுக்குத் தேத்தண்ணி கொண்டுபோயிருந்தாள். தனியன் ஒன்று வந்தது. அண்ணன் காரை விட்டார், யானை காட்டுக்குள் திரும்பியது. கார் திரும்பி வரும்போது வரம்பில் குந்திக்கொண்டது. முன்னுக்கும் பின்னுக்கும் அமத்திப் பார்த்தார், அசையவில்லை. "விடுங்க, விடிஞ்சாப் பிறகு எடுப்பம்" என்றாள் மச்சாள். "மச்சான்ட சாமான். பனியில விடேலா" என்று சொல்லிவிட்டு இறங்கினார். காட்டோரம் அசைவில்லாமல் இருந்ததாம். காரைத் தூக்கி, சாரத்துத் தலைப்பால் சேற்றைத் துடைத்துக்கொண்டு வந்தாராம். துடைக்க நின்ற நேரம்தான் தனியன் திரும்பி வந்தது.

காருக்கு ஒன்றுமில்லை. அண்ணன் அதை எட்டத்துக்கு எறிந்திருக்கிறார், அல்லது அது கைநழுவி விழுந்திருக்கிறது. பற்றரி தீரும்வரைக்கும் கோர்ன் அடித்துக்கொண்டே கிடந்ததாம்.

செத்த வீட்டுக்கு அலன் நேரே உள்ளே வந்தார். யாரையும் பார்க்கவில்லை. அண்ணனின் தலைமாட்டில் போய் நின்று, எட்டு வருசமும் என் வழியாகப் பேசின மனிசன், நேரே அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"மச்சான், விட்டுட்டு இரிக்கச் சொன்னனே மச்சான். ஏன் மச்சான் போன நீங்க?"

அலன் திரும்பி என்னைப் பார்த்தார். அறுபது எழுபது சனம். பக்கத்தில் மச்சாள்.

"நான் சொல்லச் சொன்னதச் சொன்னதானே?"

"ஓம்" என்றேன். "சொன்னன்."

ஒரு சொல். நாக்கு அழுகிப்போகாதா அந்த நேரம்? போகவில்லை. சொல்லிவிட்டு, நெஞ்சில் அடித்து எல்லோரையும்விடப் பலமாக அழுதேன்.

மச்சாள்தான் அழுகையை நிறுத்தினாள். "சொல்லியுமா போனாரு?" என்று கேட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நானும் சொன்னன், அவரும் சொல்லியனுப்பியிரிக்கார். அப்ப ஆருட சொல்லக் கேட்டுப் போனாரு இந்த மனிசன்?" அதற்குப் பிறகு அவள் அழவில்லை. பெட்டி வெளிக்கிடும்போதும் அழவில்லை.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பழி முழுக்க அண்ணன் தலையில். முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வந்தவர்கள் நல்ல மனிசன் என்று சொன்னபோது மச்சாள் சீறினாள். "என்ன நல்ல மனிசன்? பொண்டாட்டி சொல்லும் வேணாம், மச்சான் சொல்லும் வேணாம், ஒரு சாமான் பெரிசாப் போச்சு. என்ன விட அது பெரிசாப் போச்சு." படத்துக்கு மாலை போட்டது நான். விளக்குக் கொளுத்தினது நான். அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. போனில் பேசினாலும் அதே ஏச்சுத்தான். கட்டின நாளில் இருந்து தன்னை மதிக்கவில்லை, தானே எல்லாம் தெரிந்தவன் என்ற திமிர், அதுதான் கொண்டுபோனது என்பாள். எங்கள் அண்ணனுக்கு வாய் இருந்தது, திமிர் இருந்ததில்லை. நான் "ஓம் மச்சாள், ஓம் மச்சாள்" என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

இங்கே அலன் கடைக்குப் போகிறார், போன் திருத்துகிறார், வருகிறார். வாவிக் கரைக்குப் போவதில்லை. முனாஸ் வந்து கூப்பிட்டாலும் தலையிடி என்பார். ஒரு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்:

"மச்சான் எண்டு சொன்னது வாயாலதான் ஆர்த்தி. மனசுக்குள்ள நான் அவருக்கு வேத்தாள்தான். இல்லாட்டி நான் சொல்லியனுப்பினத இப்படித் தட்டியிருப்பாரா?"

அந்த மனிசன் தனக்குக் கிடைத்த ஒரே ஒரு சொல்லையும் இப்போது பொய் என்று நம்பிக்கொண்டிருக்கிறார். இதற்குத்தானா நான் அதைக் காப்பாற்றினேன்? இனியும் வாய் மூடிக்கிடந்தால் நான் மனிசியில்லை என்று அங்கேயே சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். பஸ்ஸில் யோசித்ததையும், உசிரு என்று சொன்னதையும், செத்த வீட்டுப் பொய்யையும்.

அலன் பிசைந்த சோற்றைக் கோப்பையிலேயே உதறினார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

"அப்ப மச்சான் என்ர சொல்லத் தட்டல்ல?" என்றார்.

"இல்ல."

"என்ர சாமான் எண்டுதான் போயிரிக்கார்."

"ஓம்."

அப்படியே கையோடு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் கிட்டப் போகவில்லை. கடைசியில் எழும்பிக் கை கழுவிவிட்டு வந்து, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "மச்சாளிட்டப் போ. இந்த முற ஒண்டையும் விடாமச் சொல்லு." அன்றிலிருந்து என்னோடு தேவைக்கு மட்டும்தான் கதைக்கிறார். அது அவருடைய நியாயம்.

போன கிழமை உன்னிச்சைக்குப் போனேன். மச்சாள் முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வயலைக் குத்தகைக்குக் கொடுத்ததில் வந்த நெல். "வா கா, தேத்தண்ணி குடிக்கிறயா?" என்றாள். வேண்டாம் என்று, நின்றபடியே சொல்லத் தொடங்கினேன். இருந்து சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அலன் சொல்லியனுப்பினதைச் சொல்லுக்குச் சொல் சொன்னேன். நான் அண்ணனிடம் சொன்னதைச் சொன்னேன். செத்த வீட்டில் "ஓம்" என்றதைச் சொன்னேன். அண்ணனுக்கு ஒருத்தரும் போகவேண்டாம் என்று சொல்லியனுப்பவில்லை, உசிரு என்று நான்தான் அனுப்பினேன், தங்கச்சியின் புருசனுடைய உசிரு என்று நினைத்துத்தான் இறங்கினார் என்றேன்.

மச்சாளின் கை நெல்லைக் கிளறிக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது. ஏசுவாள், மண்ணை வாரி எறிவாள், இனி இந்த வாசல் மிதிக்காதே என்பாள் என்று எல்லாவற்றுக்கும் ஆயத்தமாகத்தான் போயிருந்தேன். ஆனால் அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்.

"இத அண்டைக்கே சொல்லியிரிக்கலாமே ஆர்த்திகா. எட்டு மாசமா அந்த மனிசன ஏசிக்கிட்டல்லா இரிந்திரிக்கன். அழுதிரிப்பனே."